சினத்தோடு உறங்கும் வீடு: ஒரு திரைப்படத்தில் மாந்திரீகமும் குடும்பமும்

தூய பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் மாம்சத்தின் கிரியைகளை வரிசைப்படுத்தும்போது, 5:20-இல் 'பார்மாக்கெயா' என்னும் கிரேக்கச் சொல்லை ஆளுகிறார். மருந்தைக் கையாளுதல் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். பின்னர் அது நஞ்சு, வசிய மருந்து, மந்திரச் செயல் ஆகியவற்றையும் குறிக்கலாயிற்று. தமிழ்த் திருமறையின் பழைய மொழிபெயர்ப்பு இதனைப் பில்லிசூனியம் என்று தருகிறது. இச்சொல்லை அடுத்து வருபவை யாவை என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. பகை, சச்சரவு, பொறாமை, கோபம், பிரிவினை ஆகியனவே தொடர்ந்து வருகின்றன. நம் அருளுரைகளில் இப்பட்டியலை இரண்டாக வெட்டிவிடுகிறோம். பில்லிசூனியத்தை அறியாமையின் இருளைப் பற்றிப் பேசும் ஞாயிற்றுக்கிழமைக்கும், கோபத்தையும் பொறாமையையும் குடும்ப ஞாயிறுக்கும் ஒதுக்கிவிடுகிறோம். பவுலோ இவற்றை ஒரே மூச்சில் சொல்லிச் செல்கிறார்.

அவர் அவ்வாறு சேர்த்துச் சொன்னதன் பொருளை ஆராய நமக்குத் துணையாக வரும் நூல்கள் பல உண்டு. ஆயினும் இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது ஒரு திரைப்படம். 1990-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'டு ஸ்லீப் வித் ஆங்கர்' என்பது அதன் பெயர். 'சினத்தோடு உறங்குதல்' என்று தமிழில் கூறலாம். மாந்திரீகத்தின் நிழல் படர்ந்த விருந்தாளி ஒருவன் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற்குள் நுழைந்து அதனைக் குலைக்கும் கதை இது. எனினும் இது அச்சுறுத்தும் படமன்று. சிரிக்கத்தகாத இடங்களில் நம்மைச் சிரிக்கவைத்து, சிரித்தபின் சற்றே வெட்கப்படவும் வைக்கும் கறுப்பு நகைச்சுவையைச் சார்ந்த படம்.

இதனை எழுதி இயக்கியவர் சார்ல்ஸ் பர்னெட். இவர் 1944-இல் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க் நகரிற் பிறந்து, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். அவருடைய குடும்பத்தைப் போலவே, ஏறக்குறைய 1910-க்கும் 1970-க்கும் இடைப்பட்ட காலத்தில் அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்கத் தென்மாநிலங்களைவிட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். நிறவெறிச் சட்டங்களுக்கும், சட்டத்திற்குப் புறம்பான கொலைகளுக்கும், பருத்திக் காட்டின் வறுமைக்கும் தப்பி அவர்கள் சென்றார்கள். செல்லும்போது பாடல்களையும் சபை வழக்கங்களையும் சமையற் பக்குவங்களையும் மூலிகை அறிவையும் உடன் கொண்டுசென்றார்கள். விட்டுவிட்டு வந்தோம் என்று எண்ணியவற்றிற் சிலவும் அவர்களோடு சென்றன. பர்னெட்டின் கதை இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது.

படத்தின் முதற்காட்சியில் கிடியன் என்னும் முதியவர் நல்லுடை அணிந்து ஒரு மேசையருகே அமர்ந்திருக்கிறார். மேசைமீது பழங்கள் வைத்த கிண்ணம் இருக்கிறது. பழங்களில் தீப்பற்றுகிறது. பிறகு அவருடைய பாதங்களிலும் தீப்பற்றுகிறது. அவரோ சிறிதும் அசையாமல் அமைதியாக இருக்கிறார். சிஸ்டர் ரொசெட்டா தார்ப் பாடிய பழைய சபைப்பாடல் ஒன்று பின்னணியில் ஒலிக்கிறது. அடுத்து நாம் காண்பது கொல்லைப்புறத்தில் வெறுங்காலோடு, திருமறையை மடியில் வைத்தவாறு கண்விழிக்கும் கிடியனை. கண்டது கனவு. அவருடைய மனத்தை அரித்துக்கொண்டிருப்பது வேறொன்று: அவருடைய 'டோபி' காணாமற்போய்விட்டது.

டோபி என்பது தீங்கு அணுகாதபடி உடலோடு வைத்துக்கொள்ளும் காப்புப் பொருள். தாயத்து என்றால் நமக்கு எளிதில் விளங்கும். வேர், எலும்பு, மண் போன்றவற்றைச் சிறு பையில் முடிந்து வைத்துக்கொள்வது ஹூடூ எனப்படும் மரபைச் சார்ந்தது. ஹெயிட்டித் தீவின் வூடூ சமயத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. ஹூடூவுக்குக் கோவிலோ குருமாரோ திருவிழாவோ இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் மூலிகை மருத்துவமும், மந்திரமும், திருமறை வசனங்களும் தென்மாநிலங்களில் ஒன்றோடொன்று கலந்து உருவான வழக்கம் அது. அடிமைகளாயிருந்தோரின் சமய வாழ்வை ஆராய்ந்து ஆல்பர்ட் ரபட்டோ 1978-இல் வெளியிட்ட நூல், இவ்வழக்கமும் கிறிஸ்தவ விசுவாசமும் ஒரே உள்ளங்களில் அருகருகே வாழ்ந்ததை எடுத்துக்காட்டுகிறது. பிரெடரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிய தன்வரலாற்றில் வரும் நிகழ்ச்சியையும் இங்கு நினைவுகூரலாம். கோவி என்னும் கொடியவனிடம் அடிபட்டுத் தப்பியோடிய டக்ளசிடம், சாண்டி என்னும் உடன் அடிமை ஒரு வேரைக் கொடுத்து, அதனை வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டால் எந்த வெள்ளையனாலும் அடிக்க இயலாது என்கிறார். டக்ளஸ் நம்பவில்லை. எனினும் வாங்கி வைத்துக்கொண்டார். பின்னர் கோவி தாக்க வந்தபோது, அவரைக் காத்தது அவர் திருப்பித் தாக்கிய துணிவே. ஆனால் வேரைக் குறிப்பிடாமல் அவர் அந்த நிகழ்ச்சியைக் கூறவில்லை. சட்டமும் நீதிமன்றமும் காப்பளிக்காத மக்கள் சட்டைப்பையில் ஒரு வேரை வைத்துக்கொண்டதை அறியாமை என்று மட்டும் கூறி முடிப்பது நேர்மையாகாது என்று கருதுகிறோம்.

ஆகவே மடியில் திருமறையும் மனத்தில் டோபியுமாக அமர்ந்திருக்கும் கிடியனைக் கேலி செய்யப் பர்னெட் முனையவில்லை. அவருடைய மனைவி சூசி மகப்பேற்று உதவியில் தேர்ந்தவர். கருவுற்ற பெண்களுக்கு வீட்டிலேயே பயிற்சி அளிக்கிறார். இருவரும் கோவிலுக்குத் தவறாது செல்பவர்கள். பெருநகரின் நடுவே கோழி வளர்த்துத் தோட்டம் போட்டு, தெற்கத்தியக் கிராம வாழ்வின் சாயலைக் காத்துவருபவர்கள்.

இந்த வீட்டு வாசலில் ஒருநாள் ஹாரி மென்ஷன் வந்து நிற்கிறான். பல்லாண்டுகளுக்கு முன் தெற்கில் பழகிய நண்பன். ஓக்லாந்து நகருக்குப் போகும் வழியில் சிலநாள் தங்கிச்செல்ல விரும்புகிறான். பெரியோரிடம் மரியாதை, இனிய பேச்சு, பழைய காலத்துப் பண்பு யாவும் அவனிடம் உண்டு. டானி கிளவர் இவ்வேடத்தில் நடித்திருக்கிறார். சூசியும் கிடியனும் மகிழ்ந்து அவனை ஏற்றுக்கொள்கிறார்கள். ஊர்க்காரரை வாசலில் நிறுத்தித் திருப்பியனுப்புவது அவர்களுடைய வளர்ப்பில் இல்லாத செயல்.

வந்த சிறிது நேரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி. பேரன் சன்னியின் கையிலுள்ள துடைப்பம் ஹாரியின் காலில் பட்டுவிடுகிறது. ஹாரி பதறிப்போகிறான். துடைப்பம் காலில் படுவது தீய நிமித்தம் என்பது அவனுடைய நம்பிக்கை. அதற்குப் பரிகாரமாகத் துடைப்பத்தின்மீது துப்புகிறான். நாம் சிரிக்கிறோம். ஆனால் இச்சிரிப்பினூடே இயக்குநர் முக்கியமானதொரு செய்தியைத் தந்துவிடுகிறார்: முயலின் காலையும் கத்தியையும் உடன் வைத்துக்கொண்டு திரியும் இம்மனிதனே இவ்வீட்டில் எல்லாரிலும் மிகுதியாக அஞ்சுபவன். மந்திரத்தைக் கையாளுபவனே மந்திரத்திற்கு முதலில் அடிமையாகிறான். (பெருக்கிச் சுத்தம் செய்யப்பட்ட வீட்டிற்குத் தீய ஆவி ஏழு துணைகளோடு திரும்பிவருவதாக ஆண்டவர் கூறிய உவமை, மத்தேயு 12-இல் உள்ளது. துடைப்பத்தைக் கண்டவுடன் நமக்கு அது நினைவுக்கு வந்தது. பர்னெட் அதை எண்ணினாரா என்பது வேறு கேள்வி.)

ஹாரி வருமுன் அவ்வீடு எவ்வாறிருந்தது என்பதே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது. மூத்தமகன் ஜூனியர் பொறுப்புள்ளவன், பெற்றோருக்கு உதவுபவன். தான் உதவுவதை மறக்காதவனும் ஆவான். இளையவனுக்குச் சாமுவேல் என்று பெயர் இருந்தும், மணமாகி மகனைப் பெற்ற பின்னும் எல்லாரும் அவனைப் 'பேப் பிரதர்' என்றே அழைக்கின்றனர். குழந்தைத் தம்பி என்று பொருள்படும் இப்பெயரே அவனுடைய மனக்குறையைச் சொல்லிவிடுகிறது. அவனும் அவன் மனைவி லிண்டாவும் பணம் ஈட்டி முன்னேறுவதில் முனைந்திருக்கிறார்கள். பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுச்செல்கிறார்கள். தாயின் பிறந்தநாளுக்கு நேரத்தோடு வருவதில்லை. வீட்டின் கூரை பழுதுபட்டிருக்கிறது. அதைச் செப்பனிட யார் கைகொடுப்பது என்பதில் சகோதரரிடையே பூசல். கிடியனுக்கு இளைய மகன்மீது ஏமாற்றம். அதை அவர் மறைக்க முயல்வதுமில்லை. இவ்வளவும் நம் ஊழியத்தில் ஒவ்வொரு தெருவிலும் நாம் காணும் குடும்பங்களின் நிலைமையே. சூனியக்காரன் ஒருவனும் தேவைப்படாத அளவுக்குச் சினம் அங்கு ஏற்கெனவே குடியிருந்தது.

ஹாரி புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. இருப்பதைக் கிளறுகிறான். இளையவனுக்குச் சீட்டாட்டம் கற்றுத்தருகிறான். அவனை ஆண்மகனாக மதித்துப் பேசும் முதல் முதியவன் ஹாரிதான். மனைவியைக் குறித்து அவன் உள்ளத்தில் இருந்த எரிச்சலுக்குச் சொற்களை எடுத்துக்கொடுக்கிறான். ஜூனியரின் மனைவி பாட் கருவுற்றிருக்கிறாள். ஹாரியைச் சந்திக்கும் வேளையில் வயிற்றிலுள்ள குழந்தை உதைப்பதை அவள் உணர்கிறாள். குடும்பத்தார் கோவிலுக்குச் சென்றிருக்கும்போது ஹாரி வீட்டிலுள்ளவற்றைத் துருவிப் பார்க்கிறான். கிடியனும் அவனும் இருப்புப்பாதை ஓரமாக நெடுந்தூரம் நடந்துசெல்கின்றனர். அதன்பின் கிடியன் நோயுற்றுப் படுக்கையில் விழுகிறார், எழவில்லை. சபையார் வந்து படுக்கையைச் சூழ்ந்து நின்று செபிக்கிறார்கள், பாடுகிறார்கள். சூசி தனக்குத் தெரிந்த நாட்டு மருந்துகளைத் தருகிறார். எதற்கும் அவர் அசையவில்லை.

ஹாரியின் இயல்பை முதலில் கண்டுகொள்பவள் ஹாட்டி என்னும் முதியவள். தன் இளமையை அவனறிந்த சூழலிற் கழித்து, பின்னர் மனந்திரும்பிச் சபையில் இணைந்தவள். மீன் பொரித்து விருந்து வைத்து ஹாரி தன் பழைய கூட்டத்தாரைக் கூட்டும் இரவில், புளூஸ் பாடகர் ஜிம்மி விதர்ஸ்பூன் படத்திலேயே தோன்றிப் பாடுகிறார். அதே அறையில் ஹாட்டி சபைப்பாடலைப் பாடுகிறாள். ஆன்மிகப்பாடல், புளூஸ் ஆகிய இரண்டையும் ஒரே வேதனையிலிருந்து பிறந்தவையாகக் கண்டு ஜேம்ஸ் கோன் 1972-இல் ஒரு நூல் எழுதினார். அந்நூலைப் பாடமாகக் கற்ற மாணவர்கள் இக்காட்சியை ஒருமுறை பார்ப்பது நன்று. புளூஸ் பாடுபவரெல்லாம் தீயவர், சபைப்பாடல் பாடுபவரெல்லாம் நல்லவர் என்று இங்கு பிரித்துவிட இயலாது. பாடும் ஹாட்டி அவ்விரு உலகங்களையும் அறிந்தவள். அதனாலேயே அவளுக்குக் கண் தெளிவாக இருக்கிறது.

படத்தின் பெயருக்கு இப்போது வருவோம். சினத்தோடு படுக்கைக்குப் போகாதே என்பது அம்மக்களிடையே வழங்கும் முதுமொழி. அதன் வேர் எபேசியர் 4:26-இல் இருக்கிறது. சூரியன் மறையுமுன் சினம் தணியவேண்டுமென்று கூறும் அவ்வசனத்தை நாம் திருமண அருளுரைகளில் மறவாமல் எடுத்துரைக்கிறோம். அடுத்த வசனத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். பிசாசுக்கு இடந்தரலாகாது என்கிறது அது. அங்கு வரும் 'டோப்பொஸ்' என்னும் கிரேக்கச் சொல் இடம், தங்குமிடம் என்ற எளிய பொருளுடையது. இரவைக் கடந்தும் நீடிக்கும் சினம் வீட்டிற்குள் ஓர் அறையை ஒழித்துக்கொடுக்கிறது. அவ்வறைக்கு ஒருவன் பெட்டியோடு வந்து சேர்கிறான். பர்னெட் ஓர் இறையியலறிஞரல்லர். எனினும் இவ்விரு வசனங்களுக்கும் இடையேயுள்ள தொடர்பை இத்தனை பருப்பொருளாகக் காட்டிய விரிவுரையை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

மழையும் புயலுமான ஓர் இரவில் இளையவன் வீட்டைவிட்டு ஹாரியோடு புறப்பட ஆயத்தமாகிறான். சகோதரர் இருவரும் கைகலக்கின்றனர். கத்தி குறுக்கே வருகிறது. தாய் சூசி தன் கையால் கத்தியின் அலகைப் பற்றுகிறார். உள்ளங்கை வெட்டுண்டு குருதி கொட்டுகிறது. சண்டை அத்துடன் நிற்கிறது. சற்றுமுன் ஒருவரையொருவர் கொல்ல நின்ற இருவரும் தாயை மருத்துவமனைக்கு இட்டுச்சென்று, அவசரப் பிரிவில் நெடுநேரம் அருகருகே காத்திருக்கிறார்கள். இதற்குமுன் ஏறெடுத்த செபங்கள் வீண் என்று நாம் கூறவரவில்லை. ஆனால் அவ்வீட்டின் கட்டு அவிழ்ந்த இடம் எதுவென்று கேட்டால், மந்திரத்திற்கு எதிர்மந்திரம் எதுவும் அங்கு இல்லை. பிள்ளைகளைப் பிறப்பிக்கும் தொழிலுடைய ஒருத்தியின் கை, தன் பிள்ளைகளுக்கிடையே இருந்த கத்தியைப் பற்றியது. அவ்வளவே. சிலுவையைப் பற்றி ஒரு சொல்லும் படத்தில் அவ்விடத்தில் வரவில்லை. நாமும் வலிந்து புகுத்தவேண்டியதில்லை. கண்ணுள்ளவர்கள் கண்டுகொள்வார்கள்.

இதன்பின் நிகழ்வதுதான் படத்தின் உச்சமான நகைச்சுவை. ஹாரி வீட்டிற்குத் திரும்பி வருகிறான். சிறுவன் சன்னி சிதறவிட்ட கோலிக்குண்டுகள் சமையலறைத் தரையில் கிடக்கின்றன. அவற்றின்மேல் கால்வைத்து வழுக்கி விழுந்து, அங்கேயே உயிர்விடுகிறான். துடைப்பத்திற்கு அஞ்சியவனை அச்சிறுவனின் விளையாட்டுப் பொருளே வீழ்த்துகிறது. உடலை அகற்ற நகர நிர்வாகத்தார் உரிய நேரத்தில் வரவில்லை. போர்வையால் மூடிய பிணம் சமையலறையின் நடுவே கிடக்க, குடும்பத்தார் அதைச் சுற்றி நடக்கிறார்கள். அடுப்பு மூட்ட இயலவில்லை. அக்கம்பக்கத்தார் வருகிறார்கள், உணவைப் பற்றிப் பேசுகிறார்கள். மேல்மாடியில் நோயுற்றுக் கிடந்த கிடியனோ எழுந்துவிடுகிறார். ஏழைக் கறுப்பினத்தார் வாழும் பகுதியிலிருந்து ஒரு பிணத்தை அப்புறப்படுத்தக்கூட அரசுக்கு விரைவு இல்லை என்னும் கசப்பும் இச்சிரிப்பினுள் கலந்திருக்கிறது.

இங்கு நாம் ஓர் ஐயத்தை எழுப்பவேண்டியவர்களாயிருக்கிறோம். ஹாரி உண்மையிலேயே சூனியக்காரனா? தென்மாநில நாட்டுப்புறக் கதைகளில் வரும் 'ஹெயரி மேன்', அதாவது மனிதரை ஏய்த்து உயிரைக் கவரும் உரோம மனிதன், இப்பாத்திரத்திற்கு மூலம் என்று பர்னெட் கூறியிருக்கிறார். ஆனால் படத்திற்குள் ஹாரி மந்திரம் செய்ததாக ஒரு காட்சியும் இல்லை. கிடியன் முதியவர், நோயுறலாம். வயிற்றிலுள்ள குழந்தை எவர் முன்னிலையிலும் உதைக்கலாம். சகோதரர் சண்டைக்கோ விதை முன்பே இருந்தது. அப்படியாயின், வீட்டின் துன்பம் முழுவதையும் வந்த விருந்தாளியின் தலைமேல் சுமத்தி, அவன் இறந்தவுடன் எல்லாரும் நலமடைவதாகக் காட்டுவது நியாயமா? ஒரு சமூகம் தன் உட்பகையைத் தீர்க்க ஒருவனைப் பலியாக்கி அமைதி காண்பதைப் பற்றிப் பிரான்சு நாட்டு அறிஞர் ரெனே ஷிரார் 1982-இல் வெளியிட்ட பலியாடு பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்தார். சூனியக்காரி என்று குற்றஞ்சாட்டப்பட்டு உயிரிழந்த பெண்களின் வரலாறு நம் நினைவில் இருக்கும்வரை, இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பர்னெட் இவ்வாபத்தை அறிந்திருந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஹாரியை யாரும் அடித்துத் துரத்தவில்லை, கொல்லவுமில்லை. அவன் இறந்தபின்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. பலியாட்டை வனாந்தரத்திற்கு அனுப்பிவிட்டுக் கைகழுவும் வசதி இக்குடும்பத்திற்குக் கிடைக்கவில்லை. தங்கள் சமையலறையில் அவனை வைத்துக்கொண்டுதான் அவர்கள் ஒருவரோடொருவர் மீண்டும் பேசத் தொடங்கவேண்டியிருக்கிறது. இந்த ஒரு காரணத்தால், நம் கருத்தில், இப்படம் சூனியத்தைப் பற்றிய பல படங்களைவிட உயர்ந்து நிற்கிறது. அப்படங்களில் தீயவன் எரிந்து சாம்பலானவுடன் கதை முடிந்துவிடும். எஞ்சியோர் தங்கள் உள்ளத்தைத் திறந்துபார்க்கவேண்டிய தேவை எழுவதில்லை.

எங்கள் வீட்டிற்கு யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு இறைமக்கள் ஆயரிடம் வருவதுண்டு. செய்தவர் யார் என்று தேடப் புறப்படும் ஆயர் புதிய பகையொன்றுக்குத் துணைபோகிறார். அப்படியொன்றும் இல்லை, போய்வாருங்கள் என்று நகைக்கும் ஆயர் அவர்களுடைய அச்சத்தை அவர்களிடமே விட்டுவிடுகிறார். கலாத்தியர் பட்டியலில் அச்சொல்லுக்கு முன்னும் பின்னும் இருப்பவற்றைப் பற்றி வினவுவதற்கு இவ்விரு பாதைகளிலும் இடமில்லை. அவ்வீட்டில் யாரோடு யார் பேசுவதில்லை, எந்தக் கூரை எத்தனை நாளாக ஒழுகுகிறது, யாருடைய பிறந்தநாள் மறக்கப்பட்டது என்று கேட்பதற்குச் செபத்தைக் காட்டிலும் மிகுந்த நேரம் வேண்டும். அந்நேரத்தை நாம் தருகிறோமா?

1990-இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் சிறப்பு நடுவர் விருதையும், அடுத்த ஆண்டு இயக்கம், கதை முதலியவற்றிற்காக இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதுகளையும் பெற்றபோதிலும், இப்படம் திரையரங்குகளில் பெருங்கூட்டத்தை ஈர்க்கவில்லை. 2017-இல் அமெரிக்க நாட்டின் திரைப்படப் பதிவேட்டில் இது சேர்க்கப்பட்டது. பர்னெட்டிற்கு மதிப்பியல் ஆஸ்கார் விருது வழங்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே.

படத்தில் இன்னொருவனும் உண்டு. பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் தொடக்கமுதல் எக்காளம் ஊதிப் பழகிக்கொண்டிருக்கிறான். சுருதி சேராத அவ்வோசை படம் முழுவதும் காதைத் துளைக்கிறது. யாரும் அவனைத் தடுப்பதில்லை. உள்ளே பிணம் இன்னும் அகற்றப்படாமல் கிடக்க, வெளியே மக்கள் உணவோடு கூடும் வேளையில், அவன் வாசிப்பு திடீரென்று சுருதியோடு இணைந்து இனிய இசையாகிறது. அது ஒலித்துக்கொண்டிருக்கையில் படம் முடிகிறது.